கணக்கின் திறப்பு யாரிடம்? மட்டக்களப்பு, அம்பாறை வர்த்தகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் முதலாளிமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏறாவூர் தொடக்கம் அக்கரைப்பற்று வரை உங்கள் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பதினான்கு வருடமாகக் கொம்பியூட்டர் வேலைக்கு வந்துபோகிறவன் எழுதுகிறேன். பில் அடிக்கும் மெஷின் பூட்டியிருப்பேன், கெமரா பூட்டியிருப்பேன், நோன்பு திறக்கும் நேரத்திலும் தேர்த் திருவிழா அன்றும் நீங்கள் கூப்பிட்டபோது ஓடி வந்திருப்பேன். நேரில் பலமுறை சொல்லப் பார்த்தேன். கடையில் ஆட்கள் நிற்கும்போது அது கதைக்கிற விஷயமாக இருக்கவில்லை. அதனால்தான் இந்த மடல். உங்கள் கடைக் கணக்கு இருக்கும் கொம்பியூட்டரின் திறப்பு, அதாவது கடவுச்சொல், யார் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

போன வருடம் மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. மட்டக்களப்பு நகரத்தில் நன்றாக நடக்கிற ஒரு ஹாட்வெயார் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, பில் திறக்குதில்ல. எல்லாப் பேருக்குப் பின்னாலயும் என்னவோ எழுத்து வந்து நிக்கிது." எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி அவருக்குத் திரும்ப எடுத்து, "அண்ணன், முதல்ல நெட் வயரைப் புடுங்குங்க" என்றேன். புடுங்கினார். ஆனால் வேலை ஞாயிறு இரவே முடிந்திருந்தது. ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டிருந்தது. திரையின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: இத்தனை நாளுக்குள் பிட்கொயின் என்ற இணையக் காசில் பணம் கட்டினால் திறந்து தருவோம்.

"பேக்கப் இருக்குத்தானே தம்பி" என்றார். இருந்தது. கறுப்பு நிற ஹாட் டிஸ்க் ஒன்று, அதே கொம்பியூட்டரில் மூன்று வருடமாகச் செருகியபடி தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தேன். அதற்குள்ளும் அதே எழுத்து. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆறு வருடக் கணக்கு போனது. ஸ்டாக்கை எண்ணி எடுத்துவிடலாம், கம்பனிகளிடம் நிலுவையைக் கேட்டு வாங்கிவிடலாம். கடன் கணக்கை யாரிடம் கேட்பது? மேசன்மார், கொந்தராத்துக்காரர், வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் என்று எவ்வளவோ பேர் கடனுக்கு எடுத்திருந்தார்கள். அவருடைய மனைவியும் மகளும் பழைய பில்களின் காபன் பிரதிகளை உரப்பையிலிருந்து கொட்டி, வீட்டு விறாந்தையில் நாலு நாளாகப் பெயர் பெயராகப் பிரித்தார்கள். பாதிப் பிரதியில் மை மங்கிப் போயிருந்தது. செய்தி கேள்விப்பட்ட ஒரு மேசன், சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த தன்னுடைய சின்னக் கொப்பியைத் தானே கொண்டுவந்து, "நான் தரவேண்டியது இவ்வளவு" என்று காட்டிவிட்டுப் போனார். எல்லோரும் அப்படி வரவில்லை.

வந்தவன் எப்படி வந்தான்? கொழும்பிலிருக்கும் கணக்காளர் தன் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கவேண்டும் என்பதற்காக, மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ ரவுட்டரில் ஒரு வழி திறந்து வைத்திருந்தார்கள். இணையத்தில் இருக்கும் எவரும் அந்தக் கொம்பியூட்டரின் வாசலுக்கு வரலாம். கடவுச்சொல், கடையின் பெயரும் 123 உம். அந்தக் கணக்காளர் இப்போது இந்தக் கடைக்கு வேலை செய்வதுமில்லை. வழியைத் திறந்தது நானில்லை. ஆனால் ஒருமுறை ரவுட்டர் மாற்றப் போனபோது அதைக் கண்டிருக்கிறேன். மூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவசரம், அடுத்த கடைக்குப் போகவேண்டியிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை வருவதில்லை.

"எங்களிட்ட என்ன இருக்கு தம்பி, எங்களை ஆர் தேடி வரப்போறான்?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் அப்படித்தான் கேட்டிருந்தார். யாரும் தேடி வரவில்லை என்பதுதான் விஷயமே. உலகத்திலுள்ள இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மட்டக்களப்பும் தெரியாது, நியூயோர்க்கும் தெரியாது. திறந்திருக்கும் கதவு மட்டும்தான் தெரியும்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கடையும், ஆலையும், பாமசியும், அடகுக் கடையும் ஒரு திறப்புக் கணக்கு எழுதவேண்டும். உங்கள் கடை ஷட்டரின் திறப்பு எத்தனை, யார் யாரிடம் இருக்கிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். வேலையை விட்டு நிற்கிற பொடியனிடம் முதலில் கேட்டு வாங்குவது அந்தத் திறப்பைத்தான். கடையின் கணக்கும் கடனும் வாடிக்கையாளர் விபரமும் இன்றைக்கு இருப்பது கொம்பியூட்டரிலும் போனிலும். அவற்றின் திறப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஒரு முதலாளியும் இதுவரை எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை.

அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் போன சிறுபோக அறுவடைக்குப் பிறகு இதை எழுதிப் பார்த்தோம். முதலாளி, அவருடைய மகள், நான், ஒரு சி.ஆர். கொப்பி, பிளேன்டி. பக்கத்தில் நாலு கோடு கிழித்தோம்: என்ன, யாரிடம், எப்போதிருந்து, எதற்காக. பில் புரோகிராம், வங்கியின் ஒன்லைன் கணக்கு, ஜிமெயில், வட்ஸ்அப் பிஸ்னஸ், பேஸ்புக் பக்கம், கெமரா அப், ரவுட்டர், கணக்காளர் இணையத்தில் சேமித்து வைத்திருக்கும் கிளவுட் கோப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. பத்து நிமிடத்தில் முடியும் என்றுதான் உட்கார்ந்தார். இரண்டு மணித்தியாலம் போனது.

கெமரா ஆறு பேருடைய போனில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு பேர் வேலையை விட்டுப்போய் ஒரு வருடத்துக்கு மேல். ஆலை எப்போது திறக்கிறது, எப்போது பூட்டுகிறது, காசு மேசையில் யார் தனியாக இருக்கிறார் என்பதை அவர்கள் இப்போதும் வீட்டிலிருந்து பார்க்கலாம். ஆலையின் ஜிமெயிலை உண்டாக்கியது முன்னர் அங்கே நின்ற ஒரு தம்பி. அவன் இப்போது கத்தாரில். ஓடிபி இலக்கம் இன்னும் அவனுடைய போனுக்குத்தான் போகிறது. நல்ல பிள்ளை, கேட்டால் அனுப்புவான். ஆனால் அவனுக்கு டியூட்டி முடியும்வரை ஆலை காத்திருக்கவேண்டும். அவன் போனைத் தொலைத்தால் ஆலையின் கடிதப் போக்குவரத்து முழுதும் அதோடு போய்விடும்.

பில் புரோகிராமுக்குள் எல்லோரும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில்தான் போய்வந்தார்கள். இதைச் சொன்னபோது முதலாளி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: இரண்டு வருடத்துக்கு முன்பு நெல் எடைக் கணக்கில் சில வரிகள் மாறியிருந்தன. மாற்றியது யார் என்று பார்த்தால் 'அட்மின்'. சந்தேகம் அந்த நேரம் மேசையில் இருந்த ஒரு பொடியன் மேல் விழுந்தது. யாரும் நேரடியாக ஒன்றும் சொல்லவில்லை. பார்வை மாறினால் போதும்தானே. மறு மாதம் அவன் நின்றுவிட்டான். அவன்தான் செய்தானா என்பது இன்றுவரைக்கும் தெரியாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்திருந்தால் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் மாற்றினார் என்று ஒரு வரியில் காட்டியிருக்கும். தனித்தனி லொகின் போடச் சொல்லும்போது, "எங்கட ஆக்களை நம்பாத மாதிரி இருக்குமே" என்பீர்கள். நேர்மையாக வேலை செய்கிறவனைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவதும் அதுதான் என்று அந்த ஆலையில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழும் நவகிரிக்குக் கீழும் வயல் வைத்திருக்கும் போடிமார் உங்களில் பலர். குளத்தின் மதகைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆள். வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பங்கிடுவது வட்டை விதானை. தன் வாய்க்கடையை வெட்டித் தன் வயலுக்கு விடுவது வெள்ளாமைக்காரன். எவ்வளவு பெரிய போடியாராக இருந்தாலும் இரவில் போய் மதகைத் திருப்ப முடியாது. யாரும் அதை அவமரியாதையாக எடுப்பதுமில்லை. எது எப்போது என்று போகத்துக்கு முன்பு கூட்டம் வைத்து முடிவெடுக்கிறீர்கள். விதானை மாறினால் பொறுப்பும் அன்றே கைமாறும். 1975 இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள், ஒரு பயனருக்கும் நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த அனுமதி மட்டும் இருக்கவேண்டும் என்று கணினிப் பாதுகாப்பின் விதிகளில் ஒன்றாக எழுதினார்கள். பெரிய கம்பனிகள் இன்றும் அதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கின்றன. நம் வட்டைக்கு அது புது விஷயமே இல்லை.

கடையில் இது இப்படி வரும். காசாளருக்கு பில் போடமுடியும், போட்ட பில்லை அழிக்கமுடியாது. ஸ்டோரில் நிற்கிறவருக்கு ஸ்டாக் தெரியும், கொள்விலை தெரியத் தேவையில்லை. கணக்காளருக்கு எல்லாவற்றையும் பார்க்கமுடியும், மாற்றமுடியாது. முதலாளிக்கும்கூட அன்றாட வேலைக்கு ஒரு சாதாரண லொகின் போதும். அட்மின் லொகினை எடுக்கவேண்டிய நாளில் மட்டும் எடுத்தால் போதும். பெரும்பாலான பில் புரோகிராம்களில் இந்த வசதி வாங்கும்போதே இருக்கிறது. நாங்கள்தான் அவசரத்தில் போட்டுத் தராமல் போய்விடுகிறோம்.

ஆள் நின்றுபோன பிறகும் அவருடைய திறப்பு உயிரோடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எண்ணெய் கொண்டுபோகும் கொலோனியல் பைப்லைன் கம்பனி 2021 மே மாதம் நாட்கணக்கில் குழாயை மூடவேண்டி வந்தது. வெளியிலிருந்து வலையமைப்புக்குள் வருவதற்காக வைத்திருந்த, பாவனையில் இல்லாத ஒரு பழைய கணக்கு. அதை ஒருவரும் மூடவில்லை. கடவுச்சொல்லுக்கு மேல், போனுக்கு வரும் ஓடிபி இலக்கம் போன்ற இரண்டாவது சோதனையும் அதில் இல்லை. அதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டொலர் கட்டினார்கள். கட்டிய பிறகு கிடைத்த மீட்புக் கருவி அவ்வளவு மெதுவாக இருந்ததால், சொந்த பேக்கப்பையும் வைத்துத்தான் எழும்பினார்கள். நம்முடைய ஹாட்வெயார் அண்ணனும் அன்று "கட்டிப் பார்ப்பமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டினாலும் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

பேக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "இருக்குத்தானே" என்ற நம்பிக்கைதான் அதிகம் ஏமாற்றுகிறது. 2023 ஆகஸ்ட் 26 இல் நம் அரசாங்கத்தின் கிளவுட்டிலேயே இதே மாதிரித் தாக்குதல் நடந்தது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் அன்று வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை, அந்தக் காலத்துக்கு பேக்கப் இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம் என்று கையை விரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பேக்கப் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பது ஒரு கடைக்கு அரை மணித்தியால வேலை. அதைச் செய்ய நமக்கு ஒரு திணைக்களமும் தேவையில்லை.

மூன்று பிரதி இருக்கட்டும். ஒன்று கொம்பியூட்டரில். இன்னொன்று ஹாட் டிஸ்க்கில். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். மூன்றாவது கடைக்கு வெளியே, கிளவுட்டிலோ, கடலுக்கும் வாவிக்கும் தள்ளியிருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட ஊர் இது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தண்ணீரோடு போய், அவற்றைத் திரும்ப எடுக்க வருடக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்த வீடுகள் கரையோரம் முழுக்க இருக்கின்றன. அதற்குப் பிறகு உறுதியைப் பொலித்தீனில் சுற்றி மேல் ராக்கையில் வைக்கப் பழகினோம். கணக்கையும் அப்படி வைக்கப் பழகுவோம்.

காசு அனுப்புவதில் இன்னொரு ஆபத்து. சரக்கு அனுப்பும் கம்பனியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குப் போடுங்கள். முகவரியில் ஒரு எழுத்துத்தான் பிசகியிருக்கும். போடுவதற்கு முன்பு, உங்கள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் இலக்கத்துக்கு எடுக்கவேண்டாம். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணத்தைத் திருடியவர்கள் 2 கோடி டொலரை இலங்கையிலுள்ள ஒரு பெயருக்கும் அனுப்பினார்கள். 'பவுண்டேஷன்' என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்ததை இடையிலிருந்த ஒரு வங்கி கவனித்து விசாரித்தது. அந்தத் தொகை தப்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடி 10 லட்சம் டொலரில் பெரும்பகுதி போனதுதான். அவசரப்படாமல் ஒருவர் கேட்ட ஒரு கேள்வியின் பெறுமதி அது. இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பெரிய தொகை போகும் என்று உங்கள் வங்கியிலும் வைத்துக்கொள்ள முடியும். கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர்க் கோயிலில் நகைப் பெட்டியை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தனியே திறப்பதில்லை. அதுபோலத்தான்.

கடவுச்சொல்லுக்கு ஒரே ஒரு விஷயம்: நீளமாக வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். மாதாமாதம் மாற்றினால் ஆட்கள் அதை மேசையில் ஒட்டி வைப்பார்கள். மாதாமாதம் மாற்றச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017 இல் சொல்லிவிட்டது. வங்கிக்கும் ஜிமெயிலுக்கும் இரண்டாவது சோதனையை இன்றைக்கே போடுங்கள். அது போகும் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.

இதெல்லாம் உங்கள் பொருளைக் காப்பதற்கு மட்டும் இல்லை. தவணைக்கு போன் வாங்க வந்த பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி உங்கள் வட்ஸ்அப்பில் கிடக்கிறது. எந்த வீட்டுத் தாலிக்கொடி எத்தனை பவுனுக்கு அடகில் இருக்கிறது என்பது உங்கள் கொம்பியூட்டரில் இருக்கிறது. யார் என்ன மருந்து எடுக்கிறார் என்பது பாமசிக்குத் தெரியும். சின்ன ஊர் இது. ஒரு குடும்பத்தின் கஷ்டம் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் அதை நம்பித் தந்தது உங்களிடம், உங்கள் கடையில் எப்போதோ நின்றுபோன எல்லோரிடமும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் கடமையாகவே வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அதில் குறிப்பிட்டிருக்கும் தண்டப்பணம் ஒரு கோடி ரூபா வரை போகிறது. தண்டம் வரும்வரைக்கும் காத்திருக்கவேண்டுமா?

சங்கங்களிடம் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். வடகீழ் மழைக்கு முன்னால் வரும் உங்கள் மாதக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கு ஒதுக்குங்கள். அங்கத்தவர் ஒவ்வொருவரும் ஒரு சி.ஆர். கொப்பி கொண்டுவந்து, அங்கேயே முதல் பக்கத்தை எழுதட்டும். ஆள் ஒருவர் வேலையிலிருந்து நின்றால், கடைசிச் சம்பளம் கொடுக்கும் அன்றே அந்தக் கொப்பியைத் திறந்து அவர் பெயருக்கு நேரே உள்ளதை எல்லாம் வெட்டுவது என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். கோபத்தில் செய்வதாக யாரும் எடுக்கமாட்டார்கள், எல்லாக் கடையிலும் அதுதான் நடைமுறை என்றால். கிராக் போட்ட விண்டோஸையும் பில் புரோகிராமையும் மலிவு என்று பாவிப்பதை நிறுத்துவதற்குச் சங்கமாகச் சேர்ந்து ஒரு விலை பேசலாம். தனியாக வாங்குவதைவிட அது உங்களுக்குக் கட்டும்.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் கெஞ்சிக் கேட்கிறேன். யாருக்கேனும் இப்படி நடந்தால் மறைக்கவேண்டாம். அந்த ஹாட்வெயார் அண்ணன் வெட்கத்தில் மூன்று கிழமை யாருக்கும் சொல்லவில்லை. அந்த மூன்று கிழமைக்குள் அதே வீதியில் இன்னொரு கடையின் ரவுட்டரில் அதே வழி திறந்துதான் கிடந்தது. நான் தற்செயலாகக் கண்டு மூடினேன். நடந்தால் நெட் வயரைக் கழற்றுங்கள், ஒன்றையும் அழிக்கவேண்டாம், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள், பக்கத்துக் கடைக்கும் சொல்லுங்கள். அனுமதியில்லாமல் மற்றவருடைய கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம். களவு கொடுத்தவர் தலைகுனியத் தேவையில்லை.

என் பங்குக்கு ஒன்று. தொழில் தொடங்கிய காலத்தில் நான் ரவுட்டரும் கெமராவும் பூட்டிய கடைகள் பலவற்றில், எனக்கு ஞாபகமிருக்கட்டும் என்று ஒரே கடவுச்சொல்லைப் போட்டேன். ஒரு கடையில் அது தெரிந்தால் மற்றக் கடைகளும் திறக்கும். அது என் பிழை. அந்தக் கடைகளின் பட்டியலை என் கொப்பியில் எழுதிவிட்டேன், நாற்பத்திமூன்று வந்தது. வரும் திங்கட்கிழமை ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தொடங்கித் தெற்கே வருகிறேன். காசு வேண்டாம். நான் வரும்போது புதுக் கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள், நான் மறுபக்கம் திரும்பி நிற்கிறேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் கொம்பியூட்டர் வேலைக்காரத் தம்பி